கணினிக் கேள்வி–பதில்: 8080-இல் உட்கார்ந்திருப்பது யார்?

கோ என்ற நிரல் மொழியில் சின்னதாக ஒரு வலைச் சர்வர் எழுதுவது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடங்களில் தனியே சொல்லியிருக்கிறோம். கேள்விகளை வரிசையாகப் படித்தால் ஒன்று புரியும்: நிரல் தப்பாக இருந்து தடுமாறியவர்கள் குறைவு. எந்த ஃபோல்டரில் நின்று ஓட்டினார்கள், எந்தப் போர்ட் (சர்வர் காத்திருக்கும் வாசல் எண்), எந்த முகவரி, எந்தக் கணினிக்காக பில்ட் செய்தார்கள் (இயங்கும் கோப்பாக மாற்றினார்கள்) என்பதில்தான் பெரும்பாலோர் மாட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: துறை நூலகத்தின் புத்தகப் பட்டியலைப் பிரவுசரில் காட்டும் சர்வர் ஒன்று எழுத வேண்டும். ஒரு வீடியோவில் எல்லாவற்றையும் கோபாத் ஃபோல்டருக்குள் வைக்கச் சொல்கிறார்கள், இன்னொன்றில் வேண்டாம் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
கல்லூரி மாணவி, விருதுநகர்

வேண்டாம் என்பதுதான் இன்றைக்குச் சரி. கோபாத் என்பது எல்லா கோ நிரல்களையும் ஒரே ஃபோல்டருக்குள் அடக்கும் பழைய முறை. 2018-இல் வந்த 1.11 பதிப்பில், ஒவ்வொரு புராஜெக்டும் தனக்கென ஒரு ஃபோல்டரில் இருக்கும் மாட்யூல் முறை அறிமுகமானது. 2021-இல் வந்த 1.16 முதல் அதுவே இயல்பு. கோபாத்துக்குள் வை என்று சொல்லும் பாடம் எதுவானாலும் அதற்கு முந்திய காலத்துச் சரக்கு என்று வைத்துக்கொண்டு தள்ளிவிடுங்கள்.

கோ நிறுவியதும், ஏற்கெனவே திறந்திருந்த டெர்மினலை மூடிவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறங்கள். பழைய ஜன்னலுக்குப் புதிய பாதை தெரியாது. அதில் ‘கோ வெர்ஷன்’ என்று தட்டினால் அப்படியொரு கட்டளையே இல்லை என்று சாதிக்கும். பதிப்பு எண் வந்துவிட்டால், நூலகம் என்ற பொருள் தரும்படி ஆங்கில எழுத்தில் ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதற்குள் போய் ‘கோ மாட் இனிட்’ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு மாட்யூலின் பெயரைக் கொடுங்கள். உடனே ‘கோ.மாட்’ என்ற கோப்பு உருவாகும். உள்ளே இருப்பது மாட்யூலின் பெயரும் கோ பதிப்பும் மட்டுமே. புராஜெக்ட் என்பது இந்தக் கோப்புதான். வேறு விசார்ட் எதுவும் இல்லை. இது இல்லாத ஃபோல்டரில் நின்று ஓட்டினால், இங்கேயும் மேலே உள்ள எந்த ஃபோல்டரிலும் கோ.மாட் இல்லை என்ற பிழை வரும். எடிட்டரில் ஒரு ஃபோல்டர் தள்ளித் திறந்துவிடுவதுதான் வழக்கமான காரணம்.

அடுத்து ‘மெயின்.கோ’. முதல் வரி ‘பேக்கேஜ் மெயின்’. இறக்குமதியில் மூன்று போதும்: ‘எஃப்எம்டி’, ‘லாக்’, ‘நெட்/எச்டிடிபி’. மூன்றுமே மொழியோடு வருபவை. வெளியிலிருந்து எதையும் இறக்க வேண்டாம். ரெஸ்பான்ஸ்ரைட்டர் ஒன்று, ரிக்வெஸ்ட் சுட்டி ஒன்று என இரண்டை வாங்கும் ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். முதலாவது பதில் எழுதும் தாள், இரண்டாவது வந்த கடிதம். மெயின் ஃபங்ஷனுக்குள் இரண்டே வரி: எந்தப் பாதைக்கு எந்த ஃபங்ஷன் என்று ‘ஹேண்டில்ஃபங்க்’ மூலம் சொல்வது ஒன்று, போர்ட் 8080-இல் ‘லிசன்அண்ட்சர்வ்’ என்று, ‘லாக்.ஃபேட்டல்’ அடைப்புக்குள் போட்டு உட்கார வைப்பது இன்னொன்று. எல்லாம் சேர்த்து இருபது வரிக்குள் முடிந்துவிடும்.

ஓட்டுவதற்கு ‘கோ ரன்’ தட்டி, இடைவெளி விட்டு ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை விடாதீர்கள். இந்த ஃபோல்டரில் உள்ள கோப்புகள் அத்தனையும் என்று அதற்குப் பொருள். புள்ளிக்குப் பதில் மெயின்.கோ என்று பெயர் கொடுத்தாலும் முதல் நாள் ஓடும். பத்தாம் நாள் நிரலை இரண்டு கோப்பாகப் பிரித்ததும், இன்னொரு கோப்பில் கண்ணெதிரே இருக்கும் ஃபங்ஷனையே ‘வரையறுக்கப்படவில்லை’ என்று சொல்லி நின்றுவிடும்.

கேள்வி: ஓட்டினால் ஒரு விநாடியில் முடிந்து மறுபடி டெர்மினல் வந்துவிடுகிறது. பிழை எதுவும் காட்டவில்லை.
பாலிடெக்னிக் மாணவர், நாகர்கோவில்

பிழை வந்திருக்கிறது, நீங்கள் வாங்கிப் பார்க்கவில்லை. லிசன்அண்ட்சர்வ் நன்றாக ஓடும்வரை திரும்பி வராது. திரும்பி வந்தாலே கோளாறுதான், என்ன கோளாறு என்பதையும் கையோடு கொண்டுவரும். அந்த வரியை ‘லாக்.ஃபேட்டல்’ அடைப்புக்குள் போடுங்கள். அநேகமாக, ‘முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது’ என்ற பொருள்படும் ஆங்கில வரி வரும்.

ஒரு போர்ட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உட்கார முடியும். 8080 எல்லோருக்கும் பிடித்த நாற்காலி. டாம்கேட், ஜென்கின்ஸ் போன்ற சர்வர் மென்பொருள்கள் நிறுவியவுடன் அங்கேதான் உட்காரும். கல்லூரி ஆய்வகங்களில் இன்னும் ஓடும் ஆரக்கிள் தரவுத்தளத்தின் பழைய இலவசப் பதிப்பான எக்ஸ்பிரஸ் எடிஷனும் தன் வலைப்பக்கத்துக்கு அதே எண்ணைத்தான் எடுத்துக்கொள்ளும். யார் என்று பார்க்க விண்டோஸில் ‘நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ’ தட்டி, 8080 உள்ள வரியின் கடைசியில் இருக்கும் எண்ணை டாஸ்க் மேனேஜரின் விவரப் பட்டியலில் தேடுங்கள். லினக்ஸில் ‘எஸ்எஸ் -எல்டிஎன்பி’. பெயரோடு காட்டும், மற்றவர்களுடைய நிரல் என்றால் முன்னால் ‘சூடோ’ வேண்டும்.

லினக்ஸில் உட்கார்ந்திருப்பது உங்கள் பழைய சர்வராகவே இருக்கவும் வாய்ப்பு அதிகம். கன்ட்ரோல்-சி நிரலை நிறுத்தும். கன்ட்ரோல்-இசட் நிறுத்தாது, தூங்க மட்டும் வைக்கும். போர்ட்டைப் பிடித்துக்கொண்டே தூங்கும். ‘எஃப்ஜி’ என்று தட்டி முன்னுக்குக் கொண்டுவந்து கன்ட்ரோல்-சி கொடுங்கள். அவசரத்துக்கு 8081 என்று மாற்றிக்கொண்டாலும் தப்பில்லை.

கேள்வி: ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் விண்டோஸ் ஃபயர்வால் அனுமதி கேட்கிறது. அனுமதித்தாலும் அடுத்த முறை மறுபடி கேட்கிறது. அதே சர்வரை என் மொபைலில் பார்க்க என்ன வழி?
வாசகர், ஈரோடு

1.24-க்கு முந்திய பதிப்புகளில் ‘கோ ரன்’ ஒவ்வொரு முறையும் தற்காலிக ஃபோல்டர் ஒன்றில் புதிதாக எக்ஸி கோப்பை உண்டாக்கி ஓட்டும். பாதை மாறுவதால் ஃபயர்வாலுக்கு அது ஒவ்வொரு தடவையும் புது ஆள். இன்னொரு பாதி காரணம் முகவரி: வெறும் ‘:8080’ என்று கொடுத்தால் கணினியின் எல்லா நெட்வொர்க் வாசலிலும் காத்திரு என்று அர்த்தம். உங்கள் கணினிக்குள் மட்டும் பார்க்கும் கட்டத்தில் ‘127.0.0.1:8080’ என்று எழுதிவிடுங்கள். வெளியாள் வர வழியே இல்லாததால் ஃபயர்வால் கேள்வி கேட்காது.

மொபைலில் பார்க்கும்போது இதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும். மறுபடி ‘:8080’ ஆக்கி, ‘கோ பில்ட்’ செய்து, நிலையான இடத்தில் இருக்கும் எக்ஸியை ஓட்டி, ஒரு முறை அனுமதி கொடுங்கள். பிரைவேட் நெட்வொர்க்குக்கு மட்டும். ‘ஐபிகான்ஃபிக்’ காட்டும் ஐபிவி4 முகவரியை மொபைல் பிரவுசரில் போட்டு 8080 சேர்த்துத் தட்டுங்கள். முன்னால் எச்டிடிபி என்று நீங்களே எழுதிவிடுவது நல்லது. சில பிரவுசர்கள் தாமாகவே எச்டிடிபிஎஸ்-ஐ முயன்று பார்த்துவிட்டுத் தோற்கும். மொபைலில் லோக்கல்ஹோஸ்ட் என்று தட்டினால் அது மொபைலையே குறிக்கும். இவ்வளவும் சரியாக இருந்தும் வரவில்லையா? விடுதி, கல்லூரி வைஃபைகளில் ஒரு கருவி இன்னொரு கருவியோடு பேசாதபடி தடுத்து வைத்திருப்பார்கள். உங்கள் மொபைலில் ஹாட்ஸ்பாட் போட்டு, கணினியை அதில் இணைத்துச் சோதித்தால் தெரிந்துவிடும்.

கேள்வி: புத்தகத் தலைப்புகள் தமிழில் உள்ளன. ஒரு பக்கத்தில் சரியாக வருகிறது, இன்னொரு பக்கத்தில் ஏதோ ஐரோப்பிய எழுத்தாக வருகிறது. நீளத் தலைப்பைச் சுருக்கிக் காட்டினால் கடைசியில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி.
நூலகர், தஞ்சாவூர்

இரண்டும் வெவ்வேறு நோய்.

தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’, பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’ என்று திரும்பத் திரும்ப வருகிறதா? யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் ஒன்றே, இரண்டாவதும் இரண்டே வகை. அந்த பைட்டுகளைப் பிரவுசர் மேற்கு ஐரோப்பிய எழுத்தாகப் படித்தால் இந்தக் கோலம்தான் வரும். கோ சர்வர் தானாக விட்டால், பதிலின் முதல் 512 பைட்டைப் பார்த்து, வகையையும் யூடிஎஃப்-8 என்பதையும் சேர்த்தே அனுப்பிவிடும். கோணலான பக்கத்தில் நீங்களே கன்டென்ட்-டைப் தலைப்பை ‘டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்’ என்று மட்டும் எழுதி, ‘சார்செட்’ பகுதியை விட்டிருப்பீர்கள். சேர்த்து எழுதுங்கள். அந்த வரி, உள்ளடக்கத்தின் முதல் எழுத்தை அனுப்பும் முன்பே வர வேண்டும். பிறகு போடும் தலைப்பு யாருக்கும் போய்ச் சேராது, பிழையும் காட்டாது.

வைரத்துக்குள் கேள்விக்குறி வருவது வெட்டிய இடம் தப்பு என்பதால். கோ மொழியில் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் 15. நாம் எண்ணினால் 3 எழுத்து. யூனிகோடு கணக்கில் 5: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. முதல் 10 பைட் என்று வெட்டினால் மூன்று குறிகள் முழுதாகவும் நான்காவதில் மூன்றில் ஒரு பங்கும் வரும். அந்தத் துண்டுதான் வைரம். சரத்தை ‘ரூன்’ (யூனிகோடு குறி) வரிசையாக மாற்றி வெட்டினால் வைரம் போய்விடும். ஆனால் ‘மி’ நடுவில் வெட்டுப்பட்டு ‘ம’ ஆகலாம், ‘ழ்’ புள்ளியை இழக்கலாம். எழுத்து சிதையாமல் வெட்ட ‘யூனிசெக்’ என்ற சிறிய நூலகம் இருக்கிறது. அதற்கும் மேலாக, முழுத் தலைப்பையும் அனுப்பிவிட்டு ஸ்டைல்ஷீட்டில் ஒரு வரிக்குள் அடக்கிக் காட்டச் சொல்வதே எங்கள் பரிந்துரை. வெட்டும் வேலையைப் பிரவுசர் பார்த்துக்கொள்ளும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம், நூலகப் பட்டியல் என்பதால். ‘கொ’ என்ற எழுத்தை ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு வேறு. ‘கொற்கை’ என்று தேடினால் அலமாரியில் இருக்கும் புத்தகம் பட்டியலில் வராமல் போவது இதனால்தான். பட்டியலில் சேர்க்கும்போதும் தேடும்போதும் இரண்டையும் ‘எக்ஸ்/டெக்ஸ்ட்’ தொகுப்பில் உள்ள ‘நார்ம்’ மூலம் என்எஃப்சி என்ற ஒரே சேர்த்தெழுதும் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பட்டியலை ஜேசனாக (நிரல்கள் தமக்குள் தகவல் பரிமாறும் எழுத்து வடிவம்) அனுப்பினால் வெற்று அடைப்பு மட்டும் போகிறது. தமிழில் மாறிப் பெயர் வைக்கலாம் என்றார்களே, அதுவும் பிழை காட்டுகிறது.
மென்பொருள் பயிற்சியாளர், மதுரை

கோ மொழியில் பெரிய எழுத்தில் தொடங்கும் புலம் மட்டுமே வெளியே தெரியும். ஜேசன் தொகுப்பு உங்கள் தொகுப்புக்கு வெளியாள். சிறிய எழுத்தில் தொடங்கும் புலங்கள் அதன் கண்ணில் படவே படாது. பிழையும் வராது, வெற்று அடைப்புதான் வரும். புலங்களின் முதல் எழுத்தைப் பெரியதாக்கி, வெளியே சிறிய எழுத்தாகப் போக வேண்டுமானால் பக்கத்தில் டேக், அதாவது வெளியே காட்ட வேண்டிய பெயர், எழுதுங்கள்.

தமிழ்ப் பெயர் விஷயத்தில் அரைகுறை உண்மை இருக்கிறது. பெயர்களில் யூனிகோடு எழுத்துகளை மொழி ஏற்கும்; ஆனால் உயிர்க்குறிகளும் புள்ளியும் யூனிகோடு வகைப்பாட்டில் எழுத்து அல்ல, ஒட்டுக்குறி. ஆகவே ‘பல’ என்று பெயர் வைக்கலாம், ‘பெயர்’ என்று வைக்க முடியாது. உயிரெழுத்துகளையும் அகரம் ஏறிய மெய்களையும் மட்டும் வைத்து எத்தனை மாறிக்குப் பெயர் சூட்டிவிடப் போகிறோம்? போதாததற்கு, தமிழில் பெரிய எழுத்தே கிடையாது என்பதால் தமிழில் தொடங்கும் புலம் எதுவும் வெளியே தெரியாது. டேக்கில் தமிழ் எழுதினாலும், ஒட்டுக்குறி இருந்தால் வழக்கமான ஜேசன் தொகுப்பு அந்த டேக்கைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டு ஆங்கிலப் புலப் பெயரையே அனுப்பும். தமிழ்ச் சாவிதான் வேண்டும் என்றால் புலங்கள் கொண்ட ஸ்ட்ரக்ட்டை விட்டுவிட்டு, சாவியும் மதிப்புமாகச் சேமிக்கும் மேப் பயன்படுத்துங்கள். சாவியைத் தவிர்த்த மதிப்புகளில் தமிழுக்குத் தடையே இல்லை.

கேள்வி: ‘கெட்’ முறையையும் பாதையையும் சேர்த்து எழுதினேன். 404 மட்டுமே வருகிறது. ஆனால் முன்பு வெறும் பாதையை மட்டும் எழுதியபோது தப்பான முகவரி எதைத் தட்டினாலும் முகப்புப் பக்கம் வந்தது!
வாசகி, யாழ்ப்பாணம்

முறையையும் பாதையையும் ஒரே சரத்தில் எழுதும் வசதி 2024 பிப்ரவரியில் வந்த 1.22 பதிப்பில்தான் சேர்ந்தது. கோ நிறுவல் புதிதாக இருந்தாலும், கோ.மாட் கோப்பில் 1.21 அல்லது அதற்குக் கீழான எண் எழுதியிருந்தால் பழைய நடத்தையே அமலில் இருக்கும். பழைய மாதிரி நிரலைப் பிரதி எடுத்தவர்களுக்கு இது நடக்கும். எண்ணை உயர்த்துங்கள். சுருள் அடைப்புக்குள் கொடுக்கும் பெயரும், போன பதிலில் சொன்ன அதே காரணத்தால், ஆங்கில எழுத்தில் இருக்கட்டும்.

வெறும் சாய்கோடு மட்டுமுள்ள பாதை, வேறு யாரும் எடுக்காத எல்லாக் கோரிக்கையையும் வாரிக்கொள்ளும். முகப்புக்கு மட்டும் என்றால் சாய்கோட்டுக்குப் பின் சுருள் அடைப்புக்குள் டாலர் குறி போடுங்கள். இதற்கும் 1.22 வேண்டும்.

கேள்வி: ‘கோ ரன்’ செய்தால் நன்றாக வருகிறது. பில்ட் செய்த கோப்பை வாடகை சர்வரில் ஏற்றினால் ஓடவே இல்லை. ஒரு முறை ஓடியபோதும் டெம்ப்ளேட் கிடைக்கவில்லை என்றது. ஜன்னலை மூடியதும் செத்துவிட்டது.
சிறுதொழில் முனைவோர், கோயம்புத்தூர்

நான்கு இடத்தில் கை வைக்க வேண்டும், நிதானமாகப் போவோம்.

பில்ட் செய்யும்போது எந்தக் கணினிக்கு என்று சொல்லவில்லை என்றால் உங்கள் கணினிக்குத்தான் பில்ட் ஆகும். ‘கோ ஓஎஸ்’, ‘கோ ஆர்ச்’ என்ற இரண்டு சூழல் மாறிகளை, பெயரை இடைவெளியின்றிப் பெரிய எழுத்தில் எழுதி, லினக்ஸ் என்றும் ஏஎம்டி64 என்றும் வைத்துவிட்டு ‘கோ பில்ட்’ செய்ய வேண்டும். ராஸ்ப்பெரி பை போன்ற ஆர்ம் கருவி என்றால் ஆர்ம்64. விண்டோஸில் பழைய கறுப்பு ஜன்னலில் ‘செட்’ கட்டளை வேலை செய்யும். பவர்ஷெல்லில் அதே ‘செட்’ பிழை காட்டாமல் ஏற்றுக்கொள்ளும், ஆனால் வேறு எதையோ செய்துவிட்டுச் சும்மா இருக்கும். அங்கே டாலர் குறியுடன் ‘என்வ்’ என்று தொடங்கி எழுத வேண்டும். சரியாக நடந்ததா என்பதற்கு எளிய அடையாளம்: உருவான கோப்பின் பெயரில் எக்ஸி இருந்தால் அது இன்னும் விண்டோஸ் கோப்புதான். ஏற்றிய பிறகு ‘சிஎச்மாட் +எக்ஸ்’ கொடுத்து இயக்க அனுமதி தரவும் மறக்காதீர்கள்.

டெம்ப்ளேட் கிடைக்காததற்கு வேலை ஃபோல்டர்தான் காரணம். ‘டெம்ப்ளேட்ஸ்’ ஃபோல்டர் என்று நிரலில் எழுதினால், நிரல் இருக்கும் இடத்தில் தேடாது. நீங்கள் எங்கே நின்று ஓட்டினீர்களோ அங்கே தேடும். 1.16-இல் வந்த ‘எம்பெட்’ வசதியைப் பயன்படுத்தினால் டெம்ப்ளேட், ஸ்டைல்ஷீட், படம் எல்லாம் அந்த ஒரே பைனரிக்குள் போய்விடும். மாறிக்கு நேர் மேல் வரியில் இரண்டு சாய்கோடு, இடைவெளி விடாமல் ‘கோ:எம்பெட்’. இடைவெளி விட்டால் அது வெறும் குறிப்பு வரி. நிரல் பில்ட் ஆகும், உள்ளே ஒன்றும் இருக்காது. எடிட்டரில் ஒழுங்குபடுத்தும் பழக்கத்தில் இடைவெளி விட்டுவிடுபவர்கள் நிறைய.

ஜன்னலை மூடினாலும் உயிரோடிருக்க லினக்ஸில் பின்னணி நிரல்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டி-யிடம் ஒப்படையுங்கள். சர்வீஸ் கோப்பில் முக்கியமானவை: ‘எக்ஸெக்ஸ்டார்ட்’டில் முழுப் பாதை, ரூட் அல்லாத ஒரு ‘யூசர்’, எம்பெட் செய்யவில்லை என்றால் ‘வொர்க்கிங்டைரக்டரி’, விழுந்தால் எழுப்ப ‘ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர்’. கோப்பைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் ‘டீமன்-ரீலோட்’ வேண்டும். ஏன் விழுந்தது என்று ‘ஜர்னல்சிடிஎல் -யு’ போட்டு சர்வீஸ் பெயரைக் கொடுத்தால் சொல்லும். புதிய பைனரியை ஓடிக்கொண்டிருக்கும் பழையதன் மேல் ‘சிபி’ கட்டளையால் நகலெடுத்தால் ‘கோப்பு வேலையாக இருக்கிறது’ என்று மறுக்கும். வேறு பெயரில் ஏற்றி, ‘எம்வி’ கட்டளையால் பெயர் மாற்றி, சர்வீஸை மறுபடி தொடங்குங்கள்.

கடைசியாக போர்ட் 80. லினக்ஸில் 1024-க்குக் கீழான போர்ட்டுகள் சாதாரண பயனருக்கு இல்லை. அதற்காக நிரலை ரூட்டாக ஓட்டாதீர்கள். உங்கள் சர்வரை 127.0.0.1:8080-இல் விட்டுவிட்டு, வாசலில் கேடி அல்லது என்ஜின்எக்ஸ் என்ற ஆயத்த வலைச் சர்வரை நிறுத்துங்கள். சின்ன தளத்துக்கு கேடி சுலபம்: டொமைன் பெயர் இந்தக் கணினியைக் காட்டி, 80, 443 இரண்டும் திறந்திருந்தால் எச்டிடிபிஎஸ் சான்றிதழைத் தானே வாங்கித் தானே புதுப்பித்துக்கொள்ளும். வாடகை சர்வர்களில் கணினிக்குள் ஒரு ஃபயர்வாலும், நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கக்கூடும். ஒன்றைத் திறந்துவிட்டு இன்னொன்றை மறப்பது சகஜம்.

கேள்வி: புத்தகப் பட்டியலை நிரலுக்குள் ஒரு மேப்பில் வைத்திருக்கிறேன். தனியாகச் சோதித்தால் சரி. வகுப்பில் எல்லோரும் திறந்ததும் விழுந்துவிட்டது.
ஆசிரியர், சேலம்

ஒவ்வொரு கோரிக்கையையும் கோ தனித்தனி கோரூட்டீனில் (ஒரே நேரத்தில் ஓடும் இழையில்) நடத்துகிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே மேப்பில் எழுதினால், அதைக் கண்டுகொள்ளும்போது நிரல் தன்னையே நிறுத்திக்கொள்ளும். பிழையிலிருந்து மீட்கும் ‘ரெக்கவர்’ போட்டாலும் பிழைக்காது. எழுதும் இடத்திலும் படிக்கும் இடத்திலும் ‘சிங்க்.ம்யூட்டெக்ஸ்’ பூட்டுப் போடுங்கள்; எழுதும் இடத்தில் மட்டும் போட்டால் போதாது. பட்டியல் நாளைக்கும் இருக்க வேண்டுமானால் எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தளத்துக்கு மாறுங்கள். பலரும் எடுக்கும் கோ-எஸ்க்யூலைட்3 இயக்கிக்கு சி கம்பைலர் வேண்டும்; விண்டோஸில் ஜிசிசி இல்லாமல் முழிப்பதும், லினக்ஸுக்காக பில்ட் செய்யும்போது தடுமாறுவதும் அதனால்தான். மாடர்ன்சி தரும் எஸ்க்யூலைட் இயக்கிக்கு சி கம்பைலர் தேவையில்லை; இந்தத் தலைவலிகள் இல்லை.

கேள்வி: பயன்படுத்தாத ஒரு மாறி இருந்தால்கூடப் பிழை என்கிறதே, எச்சரிக்கையாக மாற்ற முடியாதா?
மாணவர், புதுச்சேரி

முடியாது, அந்த சுவிட்சே கிடையாது. தற்காலிகமாக அடிக்கோட்டுக்கு அந்த மாறியைக் கொடுத்துவிடுங்கள். பயன்படுத்தாத இறக்குமதிக்கு எடிட்டரில் ‘கோஇம்போர்ட்ஸ்’ வைத்துக்கொண்டால், சேமிக்கும்போதே நீக்கவும் சேர்க்கவும் செய்யும்.